குதிரை முதுகில் ஏறிய ஈயம்: 'ஹேண்டிகேப்' ஓட்டத்தின் வரலாறு

ஜொகூர் பாருவிலிருந்து கடற்பாலம் தாண்டிச் சற்றுத் தூரம் போனால் கிராஞ்சி. அங்கிருந்த குதிரைப் பந்தயத் திடலில் 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசி ஓட்டம் நடந்தது. 1842-இல் பிரிட்டிஷார் தொடங்கிய சிங்கப்பூர்ப் பந்தய மன்றத்தின் கதை அதோடு முடிந்தது. அவர்கள் கொண்டு வந்த பந்தயச் சொற்களில் ஒன்றுதான் 'ஹேண்டிகேப்'.

மாணவர் இந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டால், "உடல் குறையுள்ளவர்கள் தொப்பியைக் கையில் ஏந்திப் பிச்சை எடுத்ததால் வந்த சொல்" என்று பலர் விளக்கம் சொல்றாங்க. அது தப்பு. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'தொப்பிக்குள் கை' என்றொரு பண்டமாற்று விளையாட்டு இருந்தது. ஒருவரின் பொருள் மற்றவரின் பொருளைவிட மதிப்புக் குறைந்தால், எவ்வளவு ஈடு கட்ட வேண்டும் என்று நடுவர் சொல்வார். ஏற்பதும் மறுப்பதும் தொப்பிக்குள் விட்ட கையை வெளியே எடுக்கும்போது தெரியும். ஈடுகட்டும் இந்த யோசனைதான் குதிரைக்குப் போனது. உடற்குறையைக் குறிக்கும் பொருள் பிறகு வந்து ஒட்டியது. அதாவது, முதலில் இந்தச் சுமை திறமைசாலிக்கு ஏற்றப்பட்டது!

எப்படி என்று பாருங்க. வல்ல குதிரைக்கு அதிக எடை, சுமாரான குதிரைக்குக் குறைந்த எடை. குதிரையோட்டியும் சேணமும் சேர்ந்து குறித்த எடைக்கு வரவில்லையென்றால், ஈயத் தகடு வைத்து நிரப்புவார்கள். 1791-இல் அஸ்காட்டில் நடந்த ஓட்லண்ட்ஸ் பந்தயம் இவ்வகையில் ஆரம்ப காலத்திலேயே பேர் வாங்கியது. அதில் வென்ற 'பேரனெட்', வேல்ஸ் இளவரசரின் குதிரை. 1855-இல் இங்கிலாந்தின் அதிகாரபூர்வ எடைக் கணிப்பாளரான அட்மிரல் ரௌஸ், வயதுக்கேற்ற எடை அளவுகோலை வகுத்தவர். எல்லாக் குதிரையும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட வேண்டும் என்பதே எடைக் கணிப்பாளரின் கனவு. நடக்காத கனவுதான்!

குறுந்தூர ஓட்டத்தில் இது இன்னும் சூடு பிடிக்கும். இங்கிலாந்தின் குட்வுட் திடலில் 1840-இல் தொடங்கிய ஸ்டூவர்ட்ஸ் கிண்ணம் ஆறு பர்லாங், அதாவது ஏறக்குறைய 1200 மீட்டர்தான். ஒன்றேகால் நிமிடத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடும். தவறினால் திருத்திக்கொள்ள நேரமே கிடையாது. நம் வட்டாரப் பந்தயக் குதிரைகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து வந்தவை. அந்த ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரின் ஃபிளெமிங்டன் திடலில், 1874 முதல் நியூமார்க்கெட் ஹேண்டிகேப் நடக்கிறது. வளைவே இல்லாத நேர்ப்பாதை, அதுவும் 1200 மீட்டர்.

வரலாற்றுத் தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒன்று: எடைப் பட்டியலையும் ஒரு மூலச் சான்றாகப் படிக்கலாம். வென்றவர் பெயர் அந்த ஒரு நாளின் முடிவைத்தான் காட்டும். பந்தயத்துக்கு முன்பே எழுதப்பட்ட எடையோ, அக்குதிரையை அக்காலம் எப்படி மதித்தது என்று சொல்லிவிடும். 2011 நியூமார்க்கெட்டில் 'பிளாக் கேவியர்' என்ற பெண் குதிரைக்கு 58 கிலோ ஏற்றினார்கள். அத்தனை சுமையோடும் 1 நிமிடம் 7.36 விநாடியில் ஓடி வென்றது. தன் 25 பந்தயங்களில் ஒன்றில்கூடத் தோற்காமலே அது ஓய்வு பெற்றது.