ஒட்டகப் பாலும் இன்சுலினும்



ராஜஸ்தானில் ரைக்கா சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக ஒட்டகம் வளர்ப்பவர்கள். ஒட்டகப் பால் குடிக்கும் ரைக்காக்களிடம் சர்க்கரை நோய் மிக அரிது என்று பிகானேர் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் சிலருக்கு இன்சுலினோடு தினமும் அரை லிட்டர் ஒட்டகப் பாலும் கொடுத்துப் பார்த்தார்கள். 2011-இல் வெளிவந்த அந்த ஈராண்டு ஆய்வில், பால் குடித்தவர்களுக்குத் தேவைப்பட்ட இன்சுலின் குறைந்தது. ஆனால் ஆய்வில் இருந்தவர்களே 24 பேர்தான்.

அந்தப் பாலின் புரதங்கள் செரிக்கும்போது உண்டாகும் சிறு துண்டுகள் இன்சுலினின் வேலைக்குத் துணை செய்யலாம் என்கிறார்கள். அது இன்னும் உறுதியாகவில்லை.

1922-இல் இன்சுலின் ஊசி வருவதற்கு முன், இந்நோய் கண்ட குழந்தைகள் பிழைத்திருப்பதே அரிது. எனவே பால் துணைதான்; மருந்துக்கு மாற்று அல்ல. வாட்ஸ்அப்பில் யார் என்ன அனுப்பினாலும், மருத்துவரைக் கேட்காமல் ஊசியை நிறுத்திவிடாதீர்கள்.