யாருக்கும் வேண்டாத அரை டிகிரி

1844 பிப்ரவரி 28. வாஷிங்டன் அருகே பொடோமாக் ஆற்றில் பிரின்ஸ்டன் என்ற புத்தம்புது போர்க்கப்பல். அமைச்சர்கள், செனட்டர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் என்று கப்பல் களைகட்டியிருந்தது. அதன் ராட்சத பீரங்கியைச் சுட்டுக் காட்டியாகிவிட்டது, விருந்தும் நடந்துகொண்டிருந்தது. யாருக்கோ இன்னொரு முறை சுட்டுப் பார்க்க ஆசை. மேல்தளத்துக்குக் கிளம்பிய ஜனாதிபதி ஜான் டைலர், மருமகன் பாட ஆரம்பிக்கவே கீழேயே நின்றுவிட்டார்.

பீரங்கி வெடித்துச் சிதறியது. ஆறு பேர் பலி. டைலரின் அடிமைப் பணியாள் ஆர்மிஸ்டெட் அதில் ஒருவர். இன்னொருவர் வெளியுறவு அமைச்சர் ஏபெல் அப்ஷர். அவர் கையில் அப்போது பாதி முடிந்த ஒரு காரியம் இருந்தது.

பக்கத்து நாடான டெக்சாஸை அமெரிக்காவோடு சேர்ப்பதுதான் அது. மெக்சிகோ 1829லேயே அடிமை முறையை ஒழித்திருந்தது. அடிமைகளை வைத்துப் பருத்தி விளைவித்த அமெரிக்கக் குடியேறிகளுக்கு அது கசந்தது. மற்ற மனக்கசப்புகளும் சேர, 1836இல் டெக்சாஸ் மெக்சிகோவிலிருந்து பிரிந்து, அடிமை முறையோடு தனிக் குடியரசானது. இணைப்பு ஒப்பந்தத்துக்குச் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு தேறிவிடும் என்று அப்ஷர் நம்பினார். அவர் நாற்காலிக்கு வந்தவரோ ஜான் கல்ஹூன்.

அடிமை முறையைக் கூச்சமில்லாமல் புகழ்கிறவர் அவர். ஒப்பந்தத்தில் கையெழுத்தான கையோடு, அடிமைத்தனம் கறுப்பர்களுக்கே நல்லது என்று பிரிட்டிஷ் தூதருக்கு ஒரு கடிதம் எழுதினார். அது பத்திரிகைக்குக் கசிந்தது. ஜூனில் 35க்கு 16 என்று செனட் ஒப்பந்தத்தைத் தூக்கி எறிந்தது. டைலர் அதோடு விடவில்லை.

ஒப்பந்தமாக வந்தால்தானே மூன்றில் இரண்டு பங்கு? இரு அவைகளின் கூட்டுத் தீர்மானமாகக் கொண்டுவந்தால் சாதாரணப் பெரும்பான்மை போதும். 1845 பிப்ரவரியில் செனட்டில் 27க்கு 25. ஒரே ஒருவர் மாறியிருந்தால் சமநிலை. அதை உடைக்கத் துணை ஜனாதிபதியும் இல்லை, துணை ஜனாதிபதியாக இருந்தவர்தான் ஜனாதிபதி இறந்துபோய் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்! தீர்மானம் தோற்றிருக்கும். பதவி முடிய மூன்று நாள் இருக்கும்போது டைலர் கையெழுத்திட்டார். வடக்கத்தியர்களைச் சமாதானப்படுத்த அதில் ஒரு வரி: 36 டிகிரி 30 நிமிட அட்சரேகைக்கு வடக்கே அமையும் மாநிலங்களில் அடிமை முறை கூடாது. கமாஞ்சே குதிரைவீரர்கள் உலவிய அந்தப் புல்வெளியைப் பற்றி அப்போது யார் கவலைப்பட்டார்கள்?

1850இல் கவலைப்பட வேண்டி வந்தது. கழுத்துவரை கடனில் இருந்த டெக்சாஸ் ஒரு கோடி டாலர் வாங்கிக்கொண்டு, தான் உரிமை கொண்டாடிய வடக்கு, மேற்கு நிலங்களை விட்டுக்கொடுத்தது. வடக்கு எல்லை அதே 36 டிகிரி 30 நிமிடத்தில் நின்றது. அடிமை மாநிலத்தின் ஒரு முழம்கூடக் கோட்டைத் தாண்டவில்லை. நான்கு ஆண்டு கழித்துக் கன்சாஸுக்குத் தெற்கு எல்லையை 37 டிகிரியில் வரைந்தார்கள். நடுவில் அரை டிகிரி விட்டுப்போனது.

மேற்கே நியூ மெக்சிகோ, கிழக்கே செரோக்கியர் நிலம். இரண்டுக்கும் இடையில் 55 கிலோமீட்டர் அகலம், சுமார் 270 கிலோமீட்டர் நீளம். எந்த மாநிலத்திலும் சேராததால் ‘யாருக்கும் சொந்தமில்லா நிலம்’ என்றே பெயர் விழுந்தது. 1880களில் மண்கட்டிகளை அடுக்கி வீடு கட்டிக் குடியேறியவர்களுக்குப் பட்டா கிடையாது, போலீஸ் கிடையாது. 1887இல் சிமரான் என்று தாங்களே ஓர் ஆட்சியை அறிவித்துப் பார்த்தார்கள்; வாஷிங்டன் கண்டுகொள்ளவில்லை. அடுத்த ஆண்டு, கன்சாஸில் மூண்ட ஊர்ப்பகை ஒன்று எல்லை தாண்டி வந்து, புல் அறுப்பவர்களின் முகாமில் நான்கு பேரைச் சுட்டுக் கொன்றது. யார் விசாரிப்பது என்பதே தனி வழக்கானது. டெக்சாஸில் விதித்த தூக்குத் தண்டனையை 1891இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கொன்றவர்கள் வீடு திரும்பினார்கள்.

அதற்குள் துண்டு நிலத்துக்கு ஒரு சொந்தக்காரர் அகப்பட்டிருந்தார். 1890இல் அதைப் புதிய ஓக்லஹோமா ஆட்சிப் பகுதியோடு ஒட்டவைத்தார்கள். அந்தக் கோட்டுக்குக் காரணமான அடிமை முறை ஒழிந்தே அப்போது 25 ஆண்டு ஆகியிருந்தது. அமெரிக்க வரைபடத்தில் ஓக்லஹோமா கைப்பிடி வைத்த வாணலிபோல இருக்கிறதே, அந்தக் கைப்பிடிதான் இது.

1907இல் ஓக்லஹோமா மாநிலமானபோது கைப்பிடியை மூன்று மாவட்டங்களாகப் பிரித்தார்கள். நடுவில் இருக்கும் மாவட்டத்தின் பெயர் டெக்சாஸ்.