குழல் துடைக்கும் குச்சி

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் பேத்தி ரைபிள் கிளப்பில் சேர்ந்திருக்கிறாள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கியதிலிருந்து அவளுக்கு அந்த ஆசை. அந்தப் போட்டியில் சுடுவது .22 ரகத் துப்பாக்கி. போன வாரம் போனில் கேட்டாள்: "தாத்தா, நீங்க என்.சி.சி.ல இருந்தீங்கல்ல? குழல் துடைக்க எந்த ராடு வாங்கட்டும்? கடையில பத்து வகை காட்டுறாங்க."

ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். வரலாறு பாடம் எடுத்தவன் வாய் சும்மா இருக்குமா?

துப்பாக்கிக்கும் குச்சிக்கும் உள்ள உறவு பழையது. அந்தக் காலத் துப்பாக்கியில் வாய்வழியாகத்தான் மருந்தையும் குண்டையும் போட வேண்டும். கம்பியால் இடித்து இறுக்கினால்தான் சுட முடியும். அதே கம்பியில் துணி சுற்றி உள்ளே துடைக்கவும் செய்வார்கள். கருமருந்தின் கரி ஈரத்தை இழுத்துத் துரு பிடிக்க வைக்கும் என்பதால் துடைக்காமல் விட முடியாது. முதலில் மரக்குச்சிதான் இருந்தது. சண்டை நடுவே அது ஒடிந்தால் துப்பாக்கி வெறும் தடி. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரஷ்யப் படை இரும்புக் கம்பிக்கு மாறியது. மற்ற ஐரோப்பியப் படைகளும் பின்னால் மாறின.

நம் பக்கம் வருவோம். மருது சகோதரர்கள் பிறந்த முக்குளம் நம் நரிக்குடிக்குப் பக்கம். 1801இல் பாஞ்சாலங்குறிச்சியிலும் சிவகங்கைச் சீமையிலும் நம்மவர்கள் நீண்ட ஈட்டி, வளரி, திரி வைத்துச் சுடும் துப்பாக்கி ஆகியவற்றோடு கம்பெனிப் படையை எதிர்த்தார்கள். கம்பெனிச் சிப்பாயின் துப்பாக்கிக் குழல் சுமார் 19 மில்லிமீட்டர் அகலம். கட்டைவிரலே போய்விடும். அந்த ஆண்டு மே 24இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்தது. அக்டோபர் 24இல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். டிசம்பரில் கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஆயுதத்துக்குத் தடை போட்டுப் பிரகடனம் விட்டார். 1878இல் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு!

விடுதலைக்குப் பிறகு 1959இல் வந்த ஆயுதச் சட்டத்தின் 13ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்து போடும் துப்பாக்கியைச் சொல்கிறது. ரைபிள் கிளப் உறுப்பினரின் குறிபார்க்கும் பயிற்சிக்கு .22 ரைபிளைச் சொல்கிறது. என் பேத்தி கையில் இருப்பது அந்த இரண்டாவது வகை.

இதற்கிடையே துப்பாக்கியின் பின்பக்கம் திறந்து தோட்டா போடும் முறை வந்துவிட்டது. இடிக்கும் வேலை போய், துடைக்கும் வேலை மட்டும் மிஞ்சியது. .303 ரைபிளின் கட்டைக்குள் ஒரு சின்னப் பொந்து உண்டு. அதற்குள் எண்ணெய்க் குப்பியும் 'புல்த்ரூ'வும் இருக்கும். புல்த்ரூ என்பது ஒரு முனையில் பித்தளைக் கட்டி வைத்த கயிறு. பின்பக்கமாகக் கட்டியை இறக்கி, வளையத்தில் துணியை மாட்டி, வாய்ப்பக்கம் நேராக இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் கயிறே இரும்பை அறுக்கும். வருஷக்கணக்கில் அப்படி இழுத்து வாய் தேய்ந்து குறி தப்பிய துப்பாக்கிகள் உண்டு. கிணற்றுக் கல்லைக் கயிறு தேய்ப்பதைப் பார்த்த நமக்கு இது புரியும்.

1948இல் என்.சி.சி. சட்டம் வந்தது. எங்களைப் போன்ற பள்ளிக்கூடப் பையன்கள் கைக்கு .22 வந்தது அப்படித்தான். பழைய .303இலேயே சின்னக் குழல் பொருத்தி மாற்றிய வகையும் அதில் உண்டு. குழலின் உள் அகலம் ஐந்தரை மில்லிமீட்டர்தான். உள்ளே மரை போலச் சுற்றிப் போகும் பள்ளங்கள். அந்தப் பள்ளம்தான் குண்டைச் சுழற்றி நேராக அனுப்புகிறது.

1974ஆம் வருஷம். கோடைக்கு முன்பே கரிசல்காடு காய்ந்து புழுதி பறந்த நாள். சுட்டு முடிந்து துப்பாக்கி துடைக்கும் நேரம். துடைக்கும் துணிக்கு 'சிந்தி' என்று பெயர், நாலு அங்குலம் நீளம், இரண்டு அங்குலம் அகலம். அருப்புக்கோட்டைத் தறிக்காரர் வீட்டுப் பையனான நான், நன்றாகத் துடைக்கிறேன் பேர்வழி என்று வீட்டிலிருந்து கொண்டுபோன தடித்த துண்டுத் துணியைச் சுற்றினேன். ஒற்றைக் கம்பி ஒன்று இருந்தது. அதை வேறொருவன் வைத்திருந்தான். நான் மூன்று துண்டாகத் திருகி மாட்டும் கம்பியை எடுத்து, அவசரத்தில் வாய்ப்பக்கமாகவே நுழைத்தேன். பாதி வழியில் இறுகியது. பலத்தைக் கொடுத்தேன். திருகு முறிந்து கம்பி உள்ளேயே நின்றுவிட்டது.

துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்தேன். அடுத்து அதை எடுத்தவன் என் பெஞ்சுக்காரன், திருச்சுழிப் பக்கத்துப் பையன். உஸ்தாத் வந்து பார்த்தபோது துப்பாக்கி அவன் கையில் இருந்தது. துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓடினான். கேம்ப்புக்குப் போகும் பட்டியலில் இருந்து அவன் பெயரை எடுத்துவிட்டார்கள். 'ஏ' சர்டிபிகேட்டும் போயிற்று. வானம் பார்த்த பூமியில் பட்டாளமும் போலீசும்தான் அன்றைக்கு வழி. அந்தக் காகிதத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குச் சர்டிபிகேட் கிடைத்தது. பிறகு ஆசிரியர் பயிற்சி, வேலை, ஓய்வு. வகுப்பில் எத்தனை பிள்ளைகளிடம் "உண்மையைச் சொல்லு" என்று கேட்டிருப்பேன்!

பேத்தியின் போன் வந்த மறுநாள் பஸ் ஏறி அவன் ஊருக்குப் போனேன். மல்லியும் குதிரைவாலியும் போட்டிருக்கிறான். காட்டுப்பன்றித் தொல்லையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவனிடம் ஐம்பது வருஷம் கழித்துச் சொன்னேன்.

"அன்னைக்கே தெரியும்டா வாத்தியாரே. துணி உங்க வீட்டுத் தறித்துணி. கரை போட்டிருந்துச்சு."

"பெறகு ஏண்டா சொல்லல?"

"நீ சொல்லுவன்னு பாத்தேன்."

அதற்கு மேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு மோர் கொண்டுவரச் சொன்னான்.

பேத்திக்கு எழுதி அனுப்பியதை இங்கும் போடுகிறேன். ஒற்றைக் கம்பியாக வாங்கு. திருகி மாட்டுவதில் இணைப்பின் விளிம்பு குழலைக் கீறும், வளையும், முறியும். அலுமினியம் வேண்டாம். மெத்தென்ற உலோகத்தில் மண்துகள் பதிந்து அரம் மாதிரி ஆகிவிடும். பூச்சு போட்ட எஃகோ கார்பன் ஃபைபரோ நல்லது. .22க்கு என்று உள்ள தடிமனே வேண்டும். அதைவிட மெலிந்தால் ஈர்க்குச்சி போல வளைந்து உள்ளே உரசும். கைப்பிடி தானாகச் சுழல வேண்டும், அப்போதுதான் துணி பள்ளத்தோடு போகும். குழலின் நீளத்தைவிடக் கம்பி நன்றாக நீண்டிருக்கட்டும். போல்ட்டைக் கழற்றிப் பின்பக்கமாகவே நுழை. வாய் விளிம்பில் ஒரு கீறல் விழுந்தாலும் குறி போச்சு. ஒவ்வொரு முறையும் முதலில் கம்பியைத் துடை. .22 ஈயக்குண்டு குழலை அதிகம் தேய்க்காது. தப்பாகத் துடைத்துக் கெடுப்பவர்கள்தான் அதிகம். இறுகினால் பலம் காட்டாதே, நிறுத்திவிட்டுப் பெரியவர்களைக் கூப்பிடு.

கடைசியாக ஒரு வரி: ஏதாவது உடைந்தால் அன்றைக்கே சொல்லிவிடு.

உங்களில் பழைய கேடட்டுகள் இருந்தால், உங்கள் பள்ளியில் எந்தக் கம்பி கொடுத்தார்கள் என்று எழுதுங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன்.