எத்தனை மணி என்ற கேள்வி போதாது: தொலைத்தொடர்பு மின்னமைப்பில் பேட்டரித் திறனும் விரிவாக்கமும்

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. டெல்டாவின் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. அவ்வளவு காலம் ஒரு செல்பேசி டவரைத் தாங்கும் பேட்டரியை யாரும் வைக்க முடியாது. ஜெனரேட்டரோ டீசலோ வந்து சேரும்வரை சுமையைத் தாங்குவதே அதன் வேலை. ஆகவே தேவைப்படும் மணிக்கணக்கை முடிவு செய்வது அந்தத் தளத்துக்குச் செல்லும் சாலையும், அதில் விழக்கூடிய மரங்களும்தான்.

எல்லாத் தளங்களுக்கும் ஒரே எண் வைக்கும் முயற்சிகள் நடந்ததுண்டு. 2005 இன் கத்ரீனா சூறாவளிக்குப் பின், அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2007 இல் தொலைபேசி நிலையங்களுக்கு 24 மணி, செல்பேசித் தளங்களுக்கு 8 மணி என விதித்தது. நிறுவனங்கள் எதிர்த்தன, விதி நடைமுறைக்கு வரவில்லை. நோக்கம் நியாயமானதே. ஆனால் மணிக்கணக்கு கணக்கின் தொடக்கம் மட்டும். இழந்த மின்னூட்டம் எவ்வளவு விரைவில் திரும்பும் என்பதும் அதே அளவு முக்கியம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

48 வோல்ட்டில் 60 ஆம்பியர் இழுக்கும் ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். 8 மணிக்கு 480 ஆம்பியர்-மணி. ஆனால் பெயர்ப்பலகையில் உள்ள திறன் 10 மணி நேரம் மெதுவாக இறக்கினால் கிடைப்பது. 8 மணியில் ஏறத்தாழ 95 விழுக்காடுதான் கிடைக்கும். ஈய-அமில பேட்டரியின் திறன் 80 விழுக்காட்டுக்கு இறங்கினால் ஆயுள் முடிந்ததாகக் கொள்வது மரபு. அந்தக் கடைசி நாளிலும் 8 மணி தாங்க வேண்டும் என்றால் தேவை 632 ஆம்பியர்-மணி ஆகிறது; 10 விழுக்காடு ஒதுக்கும் சேர்த்தால் 695. எனவே 400 ஆம்பியர்-மணி பேட்டரித் தொகுதி (பேங்க்) இரண்டு. 800 இல் பத்தில் ஒரு பங்கான 80 ஆம்பியரில் மின்னூட்ட, சுமையோடு சேர்த்து 140 ஆம்பியர் வேண்டும். 50 ஆம்பியர் ரெக்டிஃபையர் மாட்யூல் மூன்று போதும். பழுதுக்கென ஒன்று கூடுதல்.

இனி விரிவாக்கம். புதிய ரேடியோக்கள் ஏறி, சுமை 90 ஆம்பியர் ஆகிறது. மூன்றாவது பேங்கை வைத்துவிட்டு, 8 மணி உறுதி என்று கோப்பை மூடிவிடுவதே பெரும்பாலான இடங்களில் நடக்கிறது. மாட்யூல்கள் பழையபடி நான்குதான். அவற்றில் ஒன்று பழுதாகட்டும்: மிச்சமுள்ள 150 ஆம்பியரில் சுமைக்கு 90 போனால் மின்னூட்டத்துக்கு 60. எட்டு மணியில் இறங்கிய 720 ஆம்பியர்-மணியை, இழப்பையும் சேர்த்துச் சுமார் 800 ஆகத் திருப்பிக் கொடுக்க 13 மணிக்கு மேல் ஆகும். கடைசிப் பகுதி இன்னும் மெதுவாகவே ஏறும். அதற்குள் அடுத்த மின்வெட்டு வந்துவிட்டால் பேட்டரி அரைவயிற்றோடுதான் அதைச் சந்திக்கும். இது தொடர்ந்தால் தகடுகளில் சல்ஃபேட் கெட்டிப்பட்டு, காகிதத்தில் 1,200 ஆக இருக்கும் திறன் வெகு முன்னரே தேய்ந்துவிடும். முன்போலவே கணக்கிட்டால் ஆறு மாட்யூல் இருந்திருக்க வேண்டும். ஜெனரேட்டரின் மீது விழும் சுமையும் சுமார் 7.5 கிலோவாட்டிலிருந்து 11ஐத் தாண்டுகிறது. அதை யாரும் கேட்பதில்லை.

வெப்பத்தை இங்கே விரிக்கவில்லை. இந்தியாவில் திறன் 27 பாகை செல்சியஸில் குறிக்கப்படுகிறது. ஒவ்வொரு 10 பாகை ஏற்றத்துக்கும் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிறது. மே மாத வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் பேட்டரியின் ஆயுளைக் குறைக்க இது ஒன்றே போதும்.

பழைய பேங்கோடு புதியதை இணைப்பது பற்றி மட்டும் ஒரு சொல். சில ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்ததன் அருகில் புதியதை வைத்தால், இறக்கத்தின்போது புதியதே கூடுதல் பாரத்தைச் சுமக்கும். மின்னூட்டத்திலும் இரண்டும் ஒத்துப்போவதில்லை. லித்தியம் இரும்பு பாஸ்ஃபேட்டை ஈயத்தோடு நேரடியாக இணைப்பது இன்னும் மோசம். மின்னழுத்தப் போக்கே வேறு என்பதால் இடையில் ஒரு கட்டுப்படுத்தி தேவை. எனவே வருங்காலச் சுமையைத் தொடக்கத்திலேயே மதிப்பிட்டு, காலி மாட்யூல் இடங்களும் தரையின் தாங்குதிறனும் அன்றே ஒதுக்கப்பட வேண்டும். ஒரு 400 ஆம்பியர்-மணி ஈய பேங்க் அரை டன்னுக்கு மேல் எடை. மொட்டைமாடித் தளங்களில் மூன்றாவது பேங்குக்கு அனுமதி தர வேண்டியவர் கட்டடப் பொறியாளர்.