ஊட்டி கிளப்பில் ஒட்டிய காகிதம்

‘நானே ஒரு வீடியோ கேம் பண்ணப்போறேன்’ என்கிறாளா உங்கள் மகள்? எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் முழிக்கிறாளா? ஊட்டியில் நடந்த ஒரு கதையை அவளுக்குச் சொல்லுங்கள்.

ஏரி, தொட்டபெட்டா, வர்க்கி... இதுதானே நமக்குத் தெரிந்த ஊட்டி? ஸ்நூக்கர் விளையாட்டுக்கு விதிமுறை எழுதி ஒட்டியதும் அங்கேதான்! எழுதியவர்கள் விளையாட்டு நிபுணர்கள் இல்லை. பொழுது போகாத ராணுவ ஆபீஸர்கள்.

1875. ஜபல்பூர். மழைக்காலம் வந்தால் ஆபீஸர்களுக்கு மெஸ்ஸில் இருக்கும் பில்லியர்ட்ஸ் மேஜைதான் கதி. அவர்களில் ஒருவர் 19 வயது நெவில் சேம்பர்லின். (பின்னாளில் பிரதமரான சேம்பர்லின் வேறு, இவர் வேறு!) ‘பிளாக் பூல்’ என்ற ஆட்டத்தையே ஆடி ஆடி அலுத்துப்போச்சு. சேம்பர்லின் என்ன செய்தார்? அதே ஆட்டத்தில் இன்னும் சில கலர் பந்துகளைச் சேர்த்துப் பார்த்தார். அவ்வளவுதான்!

இங்கிலாந்தின் உல்விச் ராணுவ அகாடமியில் முதல் வருஷ மாணவர்களுக்கு ‘ஸ்நூக்கர்’ என்று கேலிப்பெயர். சுலபமான பந்தைக் கோட்டைவிட்ட நண்பரை சேம்பர்லின் அப்படிக் கலாய்த்தார். அதுவே ஆட்டத்தின் பெயராக ஒட்டிக்கொண்டது.

பிறகு, மெட்ராஸ் ராணுவத் தளபதி ராபர்ட்ஸிடம் வேலை. கோடையில் ஜாகை ஊட்டிக்கு மாறும். ஆடி ஆடித் திருத்திய விதிகளை 1882-ல் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் எழுதி ஒட்டினார்கள். அதுவரை நாலு நண்பர்களின் பொழுதுபோக்கு. காகிதத்தில் ஏறியதும், முன்பின் தெரியாதவர்களும் ஆடக்கூடிய விளையாட்டு!

வீடியோ கேம் கதையும் இதேதான். 1962-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் ஸ்டீவ் ரஸ்ஸல் ‘ஸ்பேஸ்வார்’ செய்தார். இரண்டு விண்கலங்கள் சுட்டுக்கொள்ளும் ஆட்டம். ஒரு நண்பர் அதில் ஈர்ப்புவிசையைச் சேர்த்தார். இன்னொருவர் நிஜ வானத்து நட்சத்திரங்களைக் கொண்டுவந்தார். 1999-ல் மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள் ‘ஹாஃப் லைஃப்’ கேமைப் பொழுதுபோக்காக மாற்றப்போய், பிறந்தது ‘கவுன்ட்டர் ஸ்ட்ரைக்’!

ஆகவே, முதல் நாளே பிரமாண்டம் வேண்டாம். ஸ்கிராட்ச், கோடாட் இரண்டும் இலவச மென்பொருள்கள். நம்ம ஆடு புலி ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளட்டும். 3 புலி, 15 ஆடு. ஒரு புலியைக் கூட்டினால் என்ன ஆகும்? நண்பர்களை ஆடச் சொல்லிப் பார்க்கட்டும். எங்கே சலிக்கிறதோ, அங்கே திருத்தட்டும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. மாற்றியதை எல்லாம் தேதி போட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஸ்நூக்கர் எங்கே பிறந்தது என்று ஆளாளுக்கு ஒன்று சொல்ல, ‘நான்தான்யா ஆரம்பிச்சேன்’ என்று விளக்கி 1938-ல் பத்திரிகைக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது சேம்பர்லினுக்கு. அப்போது அவருக்கு வயது 82!