கண் சாலையில், கருத்து எங்கே?

திருவண்ணாமலையில் செங்கம் சாலை வழியாக வந்திருப்பவர்களுக்கு ரமணாசிரமத்தின் முன்னுள்ள சாலைப் பகுதி நன்கு பழக்கமானது. ஒரு பக்கம் மலை. அடிவாரத்தில் அடுத்தடுத்து ஆசிரமங்கள், விடுதிகள், தேநீர்க் கடைகள். பெங்களூர்ப் பக்கமிருந்து ஊருக்குள் வரும் பேருந்துகளும் லாரிகளும் செல்லும் இதே சாலையில்தான் கிரிவலம் வருபவர்களும் நடக்கிறார்கள். 14 கிலோமீட்டர் சுற்றுள்ள கிரிவலப் பாதை, நகரைத் தாண்டிச் சிறிது தூரம் செங்கம் சாலையோடு சேர்ந்தே செல்கிறது. பிறகுதான் வலப்புறம் பிரிகிறது. நடப்பவரின் கண் மலைமேல். ஓட்டுபவரின் கண் சாலைமேல் இருக்க வேண்டும். ஆனால் அவரும் மலையைப் பார்க்கிறார், தங்குவதற்கு விடுதிப் பலகையைத் தேடுகிறார், கைப்பேசியில் வழிகாட்டும் படத்தைப் பார்க்கிறார்.

அப்படித் திரும்பிப் பார்க்கும் இரண்டு விநாடிகளில் என்ன நேர்ந்துவிடும்? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு ஏறத்தாழ 16.7 மீட்டர். இரண்டு விநாடிகளில் வண்டி 33 மீட்டர் தூரத்தை யாரும் பார்க்காமலேயே கடந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் ஆபத்தைக் கண்டு, காலை பிரேக்கின்மேல் வைக்க வேண்டும். உலர்ந்த தார்ச் சாலையின் உராய்வுக் குணகம் 0.7 என்று கொண்டால், சக்கரங்கள் நிற்க மேலும் 20 மீட்டர் வேண்டும். பிரேக்கை எத்தனை நன்றாகச் செய்தாலும் அந்த முதல் 33 மீட்டரைக் குறைக்க முடியாது. அது இரும்பின் குறையன்று, கவனத்தின் கணக்கு.

இந்தக் கணக்கை முதலில் போட்டவர்கள் வண்டி ஓட்டியவர்கள் அல்லர் என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். அவர்கள் வானியலார். இங்கிலாந்தில் கிரீன்விச் வானாய்வகத்தின் தலைவர் மாஸ்கலைன், 1796ஆம் ஆண்டில் கின்னெப்ரூக் என்ற தம் உதவியாளரை வேலையை விட்டு நீக்கினார். தொலைநோக்கியின் நடுக்கம்பியை ஒரு விண்மீன் கடக்கும் நேரத்தை அவர் 0.8 விநாடி தாமதமாகக் குறித்தார் என்பதே குற்றம். அக்காலத்து முறை என்ன தெரியுமா? காதால் கடிகாரத்தின் அடிகளை எண்ணிக்கொண்டே, கண்ணால் விண்மீனின் நகர்வைப் பார்த்து, விநாடியின் பத்தில் ஒரு பங்கு வரை மதிப்பிட வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள்! பாவம், கின்னெப்ரூக் சோம்பேறியல்லர். 1820ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மானிய வானியலார் பெஸ்ஸல் ஆராய்ந்து, தேர்ந்த வானியலாரிடையேகூட இத்தகைய வேறுபாடு உண்டு என்று காட்டினார். ஆளுக்கு ஆள் மாறும் இந்தப் பிழையைத் திருத்தும் கணக்கு பிறகு வானாய்வகங்களில் வழக்கத்துக்கு வந்தது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த வானாய்வகமும் விண்மீன்களின் நேரம் குறிக்கும் இதே வேலைக்காகத்தான் அமைந்தது. அதன் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழ்க் கல்வெட்டோடு இன்றும் அங்கே நிற்கிறது.

உடலுக்குள் இந்தத் தாமதம் எங்கே பிறக்கிறது? செய்தி நரம்பில் மின்னல்போல் பாய்கிறது என்றே பலர் எண்ணியிருந்தனர். 1850இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் அளந்தபோது, விநாடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர்தான் கிடைத்தது. விரைவு ரயிலின் வேகம், அவ்வளவே. 1868இல் டச்சு அறிஞர் டாண்டர்ஸ் இன்னொன்றைக் காட்டினார். ஒரே குறிக்கு ஒரே செயல் என்றால் மனிதன் விரைவில் செய்கிறான். எந்தக் குறிக்கு எந்தச் செயல் என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறான். சிந்தனை நேரத்தை விழுங்குகிறது. அதை அளக்கவும் முடியும்!

மாட்டு வண்டிக் காலத்தில் இது யாரையும் வருத்தவில்லை. சந்தைக்குப் போய்த் திரும்பும் வண்டிக்காரர் இரவில் தூங்கிவிடுவார். மாடுகள் வழியறிந்து வீடு கொண்டுவந்து சேர்க்கும். அந்த வண்டியில் சாலையைக் கவனிக்க இரண்டு சோடிக் கண்கள் கூடுதலாக இருந்தன. மோட்டார் வண்டி வந்ததும் அவை போய்விட்டன. வேகம் பத்து மடங்காயிற்று. பார்ப்பவர் ஒருவரே ஆனார்.

கவனத்தைக் கலைக்கும் கருவிகள் வண்டிக்குள்ளேயே வரத் தொடங்கிய பிறகு சிக்கல் முற்றியது. 1930இல் அமெரிக்காவில் கார் வானொலி விற்பனைக்கு வந்தபோதே, ஓட்டுபவரின் கவனம் சிதறும் என்று கூறி அதைத் தடை செய்யச் சிலர் வாதாடினர். ஓட்டுவதற்கு எவ்வளவு நேரம் சாலையைப் பார்த்தே ஆக வேண்டும் என்பதை 1960களில் ஜான் செண்டர்ஸ் என்ற ஆய்வாளர் துணிச்சலான முறையில் சோதித்தார். கண்ணை அவ்வப்போது மறைக்கும் மூடி பொருத்திய தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, பாஸ்டன் நகரப் பகுதியின் நெடுஞ்சாலையில் தாமே காரை ஓட்டினார்! (மாணவர்களே, இதை ஒருபோதும் செய்து பார்க்க வேண்டாம்.) வேகம் கூடக் கூட, அடிக்கடி பார்த்தாக வேண்டும் என்று அவர் கண்டார். பார்க்காத நேரத்தில் சாலையைப் பற்றிய நமது அறிவு பழையதாகிக்கொண்டே போகிறது என்று இதற்குப் பொருள்.

1969இல் இங்கிலாந்தில் பிரவுன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், தொலைபேசியில் கேட்கும் வாக்கியம் சரியா தவறா என்று சொல்லிக்கொண்டே 24 பேரைக் காரோட்டச் செய்தனர். வண்டியைத் திருப்பும் கைத்திறன் பெரிதாகக் கெடவில்லை. ஆனால் இந்த இடைவெளியில் கார் நுழையுமா நுழையாதா என்ற மதிப்பீடு கெட்டது. என் கருத்தில் இந்த வரலாற்றிலேயே மிக முக்கியமான முடிவு இதுதான். கை ஒழுங்காக வேலை செய்வதால், தாம் நன்றாக ஓட்டுவதாகவே ஓட்டுபவர் நம்புகிறார். கெட்டுப்போனது எதுவோ அது அவருக்குத் தெரிவதில்லை. 1997இல் கனடாவின் டொரான்டோ நகரில், விபத்தில் சிக்கிய 699 பேரின் தொலைபேசிப் பதிவுகளை ரெடல்மயரும் டிப்ஷிரானியும் ஆராய்ந்தனர். பேசும் நேரத்தில் மோதல் அபாயம் ஏறத்தாழ நான்கு மடங்கு. கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் பாதுகாப்பு கூடியதாகத் தெரியவில்லை.

பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதும் அப்படித்தானே என்று நீங்கள் கேட்கலாம். பக்கத்தில் இருப்பவர் சாலையையும் பார்க்கிறார். குறுக்கே ஆட்டோ வந்தால் தாமாகவே பேச்சை நிறுத்துவார். தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவருக்கு ஆட்டோவும் தெரியாது, கிரிவலக் கூட்டமும் தெரியாது.

நம் நாட்டில் முதல் கைப்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து டில்லிக்குச் சென்றது. மோட்டார் வாகனச் சட்டமோ 1988இல் இயற்றப்பட்டது. ஓட்டும்போது கைப்பேசியைப் பயன்படுத்துவது அபாயகரமான ஓட்டுதலே என்று அதன் 184ஆம் பிரிவில் வெளிப்படையாகச் சேர்க்க 2019ஆம் ஆண்டின் திருத்தம் வர வேண்டியிருந்தது. வழிகாட்டும் படத்துக்கு மட்டும், கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம் என்று 2020இல் விதி வந்தது. சட்டம் கையைப் பார்க்கிறது. நரம்பு கையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அங்கே நெரிசல் மூளையில். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கே: 64,105.

கவனம் பிரிவதை வீட்டிலேயே அளக்கலாம். அரை மீட்டர் அளவுகோல் ஒன்றை நண்பர் செங்குத்தாகப் பிடித்திருக்கட்டும். அதன் சுழிக்குறிக்கு நேரே உங்கள் விரல்களைத் திறந்து வையுங்கள். அவர் சொல்லாமல் விடும்போது பிடியுங்கள். விழுந்த தூரத்தை இரண்டால் பெருக்கி, புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் நேரம் கிடைக்கும். 15 செ.மீ.யில் பிடித்தால் 0.175 விநாடி. பிறகு 100இலிருந்து ஏழு ஏழாகக் குறைத்து, 93, 86, 79 என்று உரக்கச் சொல்லிக்கொண்டே பிடியுங்கள். பத்துப் பத்து முறை செய்து சராசரி காணுங்கள். இம்முறை 25 செ.மீ. என்று வந்தால் நேரம் 0.226 விநாடி. வேறுபாடு 0.05 விநாடிதான். அதற்குள் 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 85 செ.மீ. நகர்ந்திருக்கும், கிரிவலப் பாதையில் நடப்பவர் எடுத்து வைக்கும் ஓர் அடியைவிடச் சற்று அதிகம்.