கிண்டியா, கோயம்புத்தூரா? கவுன்சலிங் ஹாலின் கதை

இந்த எபிசோட் 2015 ஜூலையில் ஆரம்பிக்குது.

நானும் அப்பாவும் திருச்சியிலிருந்து ராத்திரி பஸ் பிடிச்சு அண்ணா பல்கலைக்கழகத்துக்கு வந்தோம். கவுன்சலிங் கடிதத்தைக் காட்டினா அரசு பஸ்ல பாதி டிக்கெட். அப்பா அதை நாலா மடிச்சு சட்டைப் பையிலேயே வெச்சிருந்தார். ஹால்ல பெரிய திரை. எந்தக் காலேஜ், எந்தப் பிரிவு, எத்தனை சீட் மிச்சம்னு ஓடிக்கிட்டே இருக்கும். முன்னாடி இருந்த ஒருத்தர் உள்ளே போனா, கொஞ்ச நேரத்துல எங்கேயோ ஒரு எண் குறையும்.

என் கட்-ஆஃபுக்கு ரெண்டு இடம் கைக்கு எட்டியது. ஒன்று கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ். இன்னொன்று கோயம்புத்தூர் காலேஜ் ஒன்றில் கம்ப்யூட்டர் சயின்ஸ். அப்பா நில அளவைத் துறையில் சர்வேயர். "கிண்டி எடுத்துக்கோப்பா" என்றார். பேருக்காகச் சொல்றார்னு நினைச்சேன். சொந்தக்காரங்ககிட்ட 'பையன் கிண்டி'ன்னு சொல்லணும், அவ்வளவுதானே?

நான் கோயம்புத்தூர் எடுத்தேன். திரும்பி வரும்போது விழுப்புரம் வரைக்கும் அப்பா பேசவே இல்லை.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1794-ல கிழக்கிந்தியக் கம்பெனி மெட்ராஸில் ஒரு சர்வே பள்ளி தொடங்கியது. அதுக்குக் காரணம் மைக்கேல் டாப்பிங் என்கிற கம்பெனியின் வானியலாளர். பிடிச்ச ஊரையெல்லாம் அளந்தாத்தானே வரி போட முடியும்? ஐரோப்பாவிலிருந்து சர்வேயர்களை வரவழைக்கச் செலவு அதிகம். அதனால இங்கேயே அநாதை விடுதிப் பையன்களைப் பிடிச்சுப் பழக்கினாங்க. முதல் பேட்ச் எட்டே பேர். எந்தக் காலேஜ் வேணும்னு அவங்களை யார் கேட்டிருப்பாங்க? அந்தப் பள்ளிதான் 1859-ல சிவில் இன்ஜினியரிங் காலேஜ் ஆனது, 1920-ல கிண்டிக்கு வந்தது.

சுதந்திரம் வந்த பிறகும் 'எந்தக் காலேஜ்' என்பது பெரிய கேள்வியா இல்லை. உள்ளே நுழையறதே கேள்வி. 1951-ல உச்ச நீதிமன்றத்துக்குப் போன செண்பகம் துரைராஜன் வழக்கைப் பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. அது மெடிக்கல் சீட். அதோட சேர்த்து விசாரிக்கப்பட்ட இன்னொரு மனு, சி.ஆர். சீனிவாசன் என்பவருடையது, இன்ஜினியரிங் சீட்டுக்கானது. அந்தத் தீர்ப்பில் ஒரு எண் இருக்கு: மெட்ராஸ் மாநிலம் முழுக்க நாலு இன்ஜினியரிங் காலேஜ், மொத்தம் 395 சீட். அதைத்தான் பதினாலு பதினாலாப் பிரிச்சு, ஒவ்வொரு சமூகத்துக்கும் இத்தனைன்னு கம்யூனல் ஜி.ஓ. கொடுத்தது. கோர்ட் அந்த ஜி.ஓ.வை ரத்து செய்தது. இங்கே போராட்டம் வெடிச்சது, அதே வருஷம் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. 'தகுதிக்கும் ஒதுக்கீட்டுக்கும் சண்டை'ன்னு இதைச் சுருக்கிச் சொல்றவங்க, அந்த 395-ஐ மறந்துடறாங்கன்னு எனக்குத் தோணும்.

'எது வேணும்?'ங்கிற கேள்விக்கு நிறைய காலேஜ் வேணும். 1980-களில் எம்.ஜி.ஆர். ஆட்சி சுயநிதிக் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தது. நுழைவுத் தேர்வும் அப்போ வந்ததுதான். காலேஜ் எண்ணிக்கை ஏறினதும், 1990-களின் கடைசியில் ஒற்றைச் சாளர கவுன்சலிங் வந்தது. அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்கு ஒரே வரிசை. 2007 சேர்க்கையிலிருந்து நுழைவுத் தேர்வு போச்சு. முன்னூறுக்குப் போட்ட கட்-ஆஃப் இருநூறுக்கு இறங்கிச்சு: மேத்ஸ் 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50.

சாஃப்ட்வேர்காரனா எனக்குப் பிடிச்ச இடம் இந்த வரிசைதான். ரெண்டு பேருக்கு ஒரே கட்-ஆஃப்னா மேத்ஸ் மார்க், அப்புறம் பிசிக்ஸ், பிறந்த தேதின்னு பார்ப்பாங்க. அதுவும் சமம்னா, கம்ப்யூட்டர் முன்கூட்டியே போட்டு வெச்ச ரேண்டம் நம்பர். பன்னிரண்டு வருஷம் படிச்சுட்டு, கடைசியில ரேண்டம் நம்பர்!

2018-ல ஹாலை மூடிட்டு ஆன்லைனுக்கு மாத்தினாங்க. ராத்திரி பஸ் செலவு மிச்சம், நல்லதுதான். ஆனா ஒண்ணு மாறிப்போச்சு. ஹால்ல மிச்சம் இருக்கிறதைக் கண்ணால பார்த்து எடுப்போம். ஆன்லைன்ல மிச்சம் என்னன்னு தெரியாமலேயே உங்க விருப்பத்தை வரிசையா எழுதணும். அதனாலதான் பிள்ளைங்க பயத்துல, 'இது கிடைக்காது'ன்னு பிடிச்சதைக் கீழே தள்ளிடறாங்க. தேவையில்லை. உங்க ரேங்க் வரும்போது, மெஷின் உங்க பட்டியலை மேலிருந்துதான் பார்க்கும். முதல் சாய்ஸ் இல்லைன்னா ரெண்டாவது. பெரிசா ஆசைப்பட்டு எழுதினதுக்காக கீழே இருக்கிற சீட் கைவிட்டுப் போகாது. இந்த வருஷம் எழுதற தம்பி தங்கச்சிங்க இதை மட்டுமாவது நினைவுல வெச்சுக்கங்க.

என் கதைக்கு வர்றேன். இந்த எபிசோடுக்காகப் படிக்கும்போதுதான் கிண்டியோட தொடக்கம் சர்வே பள்ளின்னு எனக்கே தெரிஞ்சது. ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் அந்தச் சர்வேயோட இன்றைய வடிவம். சாட்டிலைட் படம், ஜி.பி.எஸ்., வரைபடம். அப்பாவுக்கு போன் பண்ணி, பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொன்னேன்.

"தெரியும்ப்பா. சர்வே ட்ரெய்னிங்ல எங்களுக்கு முதல் நாளே சொன்னாங்க. அன்னைக்கு ஹால்ல உனக்கும் சொன்னேனே. நீ திரையைப் பார்த்துக்கிட்டு இருந்தே."

எனக்கு ஞாபகமே இல்லை.

அடுத்த எபிசோட்ல மெடிக்கல் சீட் பக்கம் போவோம்.